தையல் இயந்திரம் யாருடையது?

மானத்தை மறைப்பதற்கும் மேனிக்கு அழகு சேர்ப்பதற்கும் ஆடையை அருளியவன் இறைவன் எனத் திருமறை நமக்கு நினைவூட்டுகிறது. அவ்வாடையை உருவாக்கும் கருவிகளுள் மிகச் சிறியது ஊசி. நபி இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதலில் ஊசியால் ஆடை தைத்தவர்கள் என்பது முன்னோர் நூல்களில் காணப்படும் செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. தம் ஆடையைத் தாமே தைத்துக் கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொள்வார்கள் என்றே அன்னையார் விடை பகர்ந்தார்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்களின் திருக்கரமே ஊசியைப் பற்றியிருக்க, தையல் தொழிலை எளிய தொழிலென எண்ணுவோர் நம்மில் இன்னும் இருப்பது வியப்பன்றோ?

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் சிறப்புடையது. தோலைப் பதனிட்டும் தைத்தும் தம் கைத்திறனால் ஈட்டிய பொருளை அவர்கள் ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள். நாயகத்தின் துணைவியருள் கை நீண்டவர் என்ற சிறப்பு அவர்களுக்குக் கிட்டியதன் பொருள் இதுவே. தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த நம் வட ஆர்க்காட்டுப் பகுதிப் பெண்கள் பெருமையுடன் சொல்லிக்கொள்ளத் தக்க முன்மாதிரி இது.

ஊசி இன்று இயந்திரமாகிவிட்டது. நடுத்தரக் குடும்பமாயினும் ஏழைக் குடும்பமாயினும் தையல் இயந்திரம் இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. திருமணச் சீராக வந்தது, அரசு வழங்கியது, ஜமாஅத் வாங்கித் தந்தது, வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியது என வந்த வழிகள் பல. ஆனால் அவற்றுள் எத்தனை ஓடுகின்றன? எத்தனை, துணி மடித்து வைக்கும் மேசையாக மூலையில் நிற்கின்றன? ஒரு கருவி இல்லத்திற்கு வந்துவிட்டதனால் மட்டும் அது நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. சட்டப்படி அது அவளுக்கு உரியதாக இருக்க வேண்டும். அதன் உள்ளமைப்பை அவள் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் அதை அவள் பேணவும் வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் இயந்திரம் அவளுடையது.

கையிலிருந்து இயந்திரத்திற்கு

கையூசியின் கண் அதன் தலைப்பகுதியில் இருக்கும். இயந்திர ஊசியின் கண்ணோ அதன் கூர்முனைக்கு அருகில் இருக்கும். இச்சிறு மாற்றத்தில்தான் தையல் இயந்திரத்தின் இரகசியம் அடங்கியுள்ளது. ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டு செல்கிறது. அங்கே ஒரு வளையம் உருவாகிறது. ஷட்டில் அவ்வளையத்தைப் பற்றி, பாபினில் உள்ள கீழ்நூலைச் சுற்றி வரச் செய்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பற்றிக் கொள்கின்றன. இதற்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் சிங்கர் நிறுவனம் தவணை முறையில் விற்பனையைத் தொடங்கியதால், செல்வர் இல்லங்களில் மட்டும் இருந்த பொருள் உழைப்போர் இல்லங்களிலும் நுழைந்தது.

எல்லோரும் இதனை மகிழ்வுடன் வரவேற்றனர் எனக் கொள்ள வேண்டா. பிரான்சு நாட்டில் திமோனியே என்பவர் இராணுவ உடை தைக்க அமைத்த இயந்திரங்களை, தங்கள் பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினர். நம் நாட்டில் இயந்திர நாகரிகத்தை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளோ, 1924இல் நடந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். மனிதரை வேலையிலிருந்து துரத்தாமல் ஒருவரின் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கம் என்பது அவர் கூறிய காரணம். 1930களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் உருவான 'உஷா' இயந்திரம், இந்தியரும் இதைச் செய்ய இயலும் என்று காட்டியது. நம் பாட்டிமார் வீடுகளில் பொன்னெழுத்துப் பொறித்த கறுப்பு இயந்திரமாக இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை அவ்வழி வந்தவையே.

நம் பகுதியும் ஊசியும்

அரக்கோணம் இருப்புப் பாதையால் வளர்ந்த ஊர். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியபோதே அப்பாதை இவ்வழியாகச் சென்றது. ஒரு புறம் திருத்தணி; அதனைக் கடந்தால் நகரி, புத்தூர் என ஆந்திரத்தின் நெசவூர்கள். மறு புறம் குருவராஜப்பேட்டைத் தறிகள். இன்னும் மேற்கே சென்றால் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் ஊர்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவே வாழும் நமக்கு ஊசி அயலானதன்று.

இதில் நாம் மறந்துவிட்ட ஓர் உறவும் உண்டு. தோளில் பெரிய வில்லைச் சுமந்து, அதன் நாணை மீட்டி ஒலியெழுப்பியபடி தெருத்தெருவாகச் சென்று, பழைய மெத்தைப் பஞ்சை அடித்துப் புதுப்பித்துத் தந்த பஞ்சுகொட்டிகளை முதியோர் அறிவர். ஆந்திரத்தில் தூதேகுலா என்றும், பிற பகுதிகளில் பிஞ்சாரி என்றும், நதாஃப் என்றும் அழைக்கப்படும் இம்மக்கள் முஸ்லிம்களே. மெத்தையும் தலையணையும் இரஜாயும் தைத்தல் அவர்களின் பரம்பரைத் தொழில். இத்தொழிலுக்கு உரியவரை அரபு மொழியில் 'ஹல்லாஜ்' என்பர். பாக்தாதில் வாழ்ந்த மன்சூர் அல்-ஹல்லாஜ் அவர்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தப் பஞ்சுதான். வக்ஃபு சட்டம் பற்றி நூலெழுதிய ஹனஃபி அறிஞர் 'கஸ்ஸாஃப்' அவர்களின் பெயருக்குக் காலணி தைப்பவர் என்று பொருள். தம் கைத்தொழிலின் வருவாயிலேயே அவர்கள் வாழ்ந்தார்கள். மார்க்க அறிவும் கைத்தொழிலும் ஒரே மனிதரிடம் வாழ்ந்த காலம் அது.

யாருடைய உடைமை?

நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் தாய்மார் பலர் வீட்டில் தையல் வேலை செய்வோர். அவர்கள் வாய்மொழியாக அறியவரும் துயரங்களுள் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் பணமுடை நேர்ந்தால் முதலில் கழுத்து நகை போகிறது; அடுத்துப் போவது தையல் இயந்திரம். அவளைக் கேளாமலே அடகு வைக்கப்படுகிறது. சில வேளை விற்கப்பட்டும் விடுகிறது. "வீட்டுப் பொருள்தானே" என்பது கணவரின் விடை.

இவ்விடையை மார்க்கம் ஏற்பதில்லை. ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்குப் பங்குண்டு. பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்குப் பங்குண்டு என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் தரும் போதனை. பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்ததும், மஹராகக் கிடைத்ததும், அவளே உழைத்து வாங்கியதும் அவளுடைய தனியுடைமை. அவள் மனமுவந்து இசைந்தாலன்றி அதை விற்கவோ அடகு வைக்கவோ கணவருக்கோ மாமனாருக்கோ உடன்பிறந்தாருக்கோ உரிமை இல்லை. அதனைக் கொண்டு அவள் ஈட்டும் வருவாயும் அவளுடையதே. குடும்பத்திற்கு அவள் செலவிடுவாளாயின் அது அவள் செய்யும் நன்மை. குடும்பத்தைத் தாங்கும் கடமை கணவரின் தோளை விட்டு இறங்கிவிடவில்லை.

ஆகவே, இயந்திரம் வாங்கும்போது இரசீதைப் பயனாளியின் பெயரிலேயே பெறுங்கள். இயந்திரத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். திருமணச் சீராகத் தருவதாயின் பெண்ணுக்கே தருகிறோம் என்பதைச் சாட்சிகள் முன் சொல்லித் தாருங்கள். சிறிய செயல்தான், பின்னாளில் பெரிய சச்சரவைத் தடுக்கும்.

எதை வாங்குவது?

கடைக்காரர் காட்டும் பூவேலைகளைக் கண்டு மயங்க வேண்டா. ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை, தலையணை உறை ஆகியவற்றைத் தைத்து வருவாய் ஈட்ட விரும்புவோருக்கு நேர்த்தையல் போடும் எளிய இயந்திரமே போதுமானது. கால்மிதி கொண்ட இயந்திரம் மின்வெட்டுக்கு அஞ்சாது. முழங்கால் வலி உள்ளோரும் நீண்ட நேரம் தைப்போரும் மோட்டார் பொருத்திக் கொள்ளலாம். ஆயினும் கால்மிதியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பல்வகைத் தையல்கள் போடும் மின்னணு இயந்திரம் நல்லதே. அதற்குரிய உதிரிப் பாகங்கள் அருகில் கிடைக்குமா, அதனைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் உள்ளூரில் இருக்கிறாரா என்ற இரு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே வாங்குக.

பழைய இயந்திரம் வாங்குவது குறைவன்று. பழைய வார்ப்பிரும்பு இயந்திரங்கள் தலைமுறைகள் கடந்தும் உழைக்கின்றன. ஆனால் வாங்குமுன் நான்கு சோதனைகள் செய்க. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். எங்கும் இடறாமல் சுற்ற வேண்டும். ஊசி பொருத்தும் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருத்தல் கூடாது. ஷட்டிலைக் கழற்றி, அதன் முனை மழுங்காமலும் துருப்பிடிக்காமலும் இருக்கிறதா எனப் பாருங்கள். இறுதியாக, மெல்லிய துணி ஒன்றிலும் நான்கு மடிப்புக் கனத்த துணி ஒன்றிலும் தைத்து, மேலும் கீழும் தையல் ஒன்றுபோல் உள்ளதா என நோக்குங்கள்.

இயந்திரத்தை வைக்கும் இடமும் முக்கியம். தரை சமமாக இருக்க வேண்டும். ஆட்டம் இயந்திரத்தையும் முதுகையும் ஒருங்கே கெடுக்கும். சன்னலின் வெளிச்சம் ஊசியின் மீது விழ வேண்டும். நாற்காலியின் உயரம் சரியாக இல்லாவிட்டால் கழுத்துவலி நிச்சயம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நலம்.

நாள்தோறும் பேணுதல்

அரக்கோணத்தில் மின்சார இரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை உள்ளது. நேற்று ஓடியதனால் இன்றும் ஓடும் என நம்பி எவரும் எஞ்சினைப் பாதையில் அனுப்புவதில்லை. சோதித்த பின்னரே அனுப்புவர். இல்லத்து இயந்திரத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

முதலாவது, தூய்மை. துணி தைக்கும்போது நுண்ணிய பஞ்சுத்துகள் உதிர்ந்து ஊசித் தகட்டுக்கு அடியிலும், துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையிலும், ஷட்டில் சுழலும் குழியிலும் சேரும். எண்ணெயுடன் கலந்து அது அட்டையைப் போல் இறுகிவிடும். இயந்திரம் கனமாக ஓடுவதற்கும், நூல் சிக்குவதற்கும், தையல் விடுபடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றிச் சிறு தூரிகையால் துடையுங்கள். வாரம் ஒருமுறை ஊசித் தகட்டின் திருகுகளைக் கழற்றி அடியிலும் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள்; துகள் இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரத்தால் துருவும் பிடிக்கும்.

இரண்டாவது, எண்ணெய். இயந்திரத்தின் மேலும் பக்கத்திலும் உள்ள சிறு துளைகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. நாள் முழுதும் ஓடும் இயந்திரத்திற்கு நாள்தோறும், எப்போதாவது ஓடுவதற்கு வாரம் ஒருமுறை, ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு விடுக. ஷட்டில் குழியின் விளிம்புக்கு ஒரு சொட்டுப் போதும். தையல் இயந்திர எண்ணெயே விட வேண்டும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவை நாளடைவில் பசைபோல் இறுகி இயந்திரத்தைப் பூட்டிவிடும். அவ்வாறு இறுகிப் போனால், துளைகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சிறிது நேரம் ஓட்டித் துடைத்துவிட்டு, பின்னர் முறையான எண்ணெய் விடலாம். மோட்டார் உள்ள இயந்திரமாயின் அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடுப்புக்கு அப்பால் வைத்துச் செய்க. எண்ணெய் விட்டதும் பழந்துணி ஒன்றில் சிறிது தைத்துப் பாருங்கள். மிகுதி எண்ணெய் அதில் இறங்கிவிடும், வாடிக்கையாளரின் துணி கறைபடாது. பெல்ட்டிலும் மோட்டாரின் உள்ளும் எண்ணெய் படலாகாது. புதிய வகை இயந்திரங்கள் சிலவற்றிற்கு எண்ணெயே தேவையில்லை. உடன் வரும் கையேட்டைப் பார்த்துச் செய்க.

மூன்றாவது, ஊசி. ஊசி முறியும்வரை மாற்றாதிருப்பது நம்மில் பலரின் வழக்கம். முனை மழுங்கிய ஊசி, துணியைத் துளைப்பதற்குப் பதிலாகக் குத்தித் தள்ளும். 'டக் டக்' என ஒலி கேட்கும். மெல்லிய துணியில் இழை இழுபடும். வாயில், மஸ்லின் போன்ற மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்தித் துணிக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18 எனப் பொருத்துக. ஊசியின் ஒரு பக்கம் நீண்ட பள்ளம் ஓடும். நூலை எப்போதும் அப்பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே கோக்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை செலுத்தித் திருகை இறுக்குங்கள். முறிந்த ஊசியின் துண்டுகள் அனைத்தையும் எண்ணி எடுத்துத் தாளில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது மிக மிக அவசியம்.

நான்காவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையின் ஈரம் இரும்பின் பகை. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைவிடப் பருத்தித் துணி உறையே நல்லது. ஊசித் தகட்டிலும் பாதத்திலும் எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்து வைக்கலாம். தைக்காவிடினும் வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள்.

ஓசையைக் கேட்டறிதல்

ரமலான் பிறை இருபதைக் கடந்துவிட்டால் வீட்டில் தைக்கும் சகோதரிகளுக்கு உறக்கம் இல்லை. ஆண்டின் வருவாயில் கணிசமான பகுதி அந்நாட்களில்தான் வரும். அந்நேரம் பார்த்து இயந்திரம் நின்றுவிட்டால்? மெக்கானிக்கும் ஓயாத வேலையில் இருப்பார். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பார். பெருநாளைக்கு முதல் நாள் அவர் வந்து, ஷட்டிலில் சிக்கிய ஒரு நூல் துண்டை எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் செல்வார். துணி கொடுத்தவர்களோ அதற்குள் வேறிடம் போயிருப்பர். இழந்தது ஒரு நூல் துண்டின் பொருட்டு! ஆதலால் சிறு பழுதுகளைத் தாமே கண்டறியும் அறிவு ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டும்.

துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகக் குவிந்தால் குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். மேல்நூலை முழுதும் எடுத்துவிட்டு, பாதத்தை உயர்த்திய நிலையில் மீண்டும் முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாதம் தாழ்ந்திருக்கும்போது கோத்தால் நூல் இறுக்கத் தகடுகளுக்கு இடையில் நூல் சரியாக அமராது. துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூல் இழுபட்டுத் தெரிந்தால், மேல்நூல் மிக இறுகியிருக்கலாம்; அல்லது பாபின் நூல் தளர்ந்திருக்கலாம். பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரிந்து கீழே வரக்கூடாது. கையை மெல்ல உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். அதுவே சரியான அளவு. பாபின் கேஸில் உள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாதீர்கள்.

தையல் இடையிடையே விடுபட்டால் முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசி அடிக்கடி முறிந்தால், தைக்கும்போது துணியைக் கையால் இழுக்கிறீர்களா எனக் கவனியுங்கள். துணியைத் தள்ளுவது பற்களின் வேலை, திசை காட்டுவது மட்டுமே கையின் வேலை. மிதித்தும் சக்கரம் சுழலாவிடில் பெல்ட் தளர்ந்திருக்கும். தோல் பெல்ட்டைச் சிறிது வெட்டி மீண்டும் இணைத்துவிடலாம். இவ்வளவும் செய்து பார்த்த பின்னும் சரியாகாவிடில் மெக்கானிக்கை அழையுங்கள். அவர் பழுது பார்க்கும்போது அருகிலிருந்து கவனித்துக் கற்றுக் கொள்ளுங்கள். மோட்டாருக்குள் கை வைக்காதீர்கள். பழுது பார்க்குமுன் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பழஞ்சேலையும் பஞ்சுப் போர்வையும்

தையல் தெரிந்த இல்லத்தில் கந்தையும் பொருளாகும். கந்தை என்னும் நம் சொல்லோடு உறவுடையதே வங்காளத்தின் 'காந்தா'. பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டுப் போர்வையாக்கும் கலை அது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இன மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. அப்பெண்கள் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்கள் முறை. மூலைகளில் மடித்து வைக்கும் சிறு துணிப்பூக்கள் இல்லையேல் போர்வை முழுமை பெறாது என்பர்.

இல்லத்து இயந்திரத்திலும் பஞ்சுப் போர்வை தைக்கலாம். மேல்துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய கம்பளி, அடித்துணி என மூன்றையும் விரித்துச் சுருக்கமின்றி ஊசிகளால் இணைத்துக் கொள்க. 16ஆம் எண் ஊசி பொருத்தி, தையல் நீளத்தைக் கூட்டி, கவந்திப் பெண்களின் முறைக்கு மாறாக, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்து வந்தால் நடுவில் துணி குவியாது. போர்வையின் எடை கீழே தொங்காமல் பக்கத்தில் ஒரு மேசை தாங்கட்டும். தொங்கும் எடைதான் ஊசியை வளைக்கிறது. குழந்தைகளின் சிறு போர்வை எளிதில் முடியும். இருவர் போர்க்கும் இரஜாயாயின், இயந்திரத்தின் கழுத்துக்குள் உள்ள ஓரடிக்கும் குறைந்த இடைவெளியில் அதனைச் சுருட்டிச் செலுத்துவது பெரும்பாடு.

இந்தப் பாட்டைத் தீர்க்க எழுந்ததுதான் நீண்ட கை கொண்ட போர்வைத் தையல் இயந்திரம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இல்லங்களில் இது பரவியது. நம் இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்கத் துணி நகர்கிறது; அதிலோ பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் போர்வை விரித்துக் கட்டப்பட்டிருக்க, தண்டவாளத்தின் மேல் இயந்திரமே நகர்ந்து தைக்கிறது. அதன் கழுத்து ஒன்றரை அடி முதல் இரண்டரை அடி வரை நீண்டிருக்கும். ஓர் அறையையே அது அடைத்துக் கொள்ளும். விலையோ பல இலட்சம் ரூபாய். அதனை வீட்டில் வைத்து அயலாரின் போர்வைகளைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்து வாழும் பெண்கள் அந்நாட்டில் உள்ளனர்.

அத்தகைய இயந்திரத்தின் பராமரிப்பு விதிகளைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. பாபின் மாற்றும்போதெல்லாம் கொக்கியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடு. போர்வைக்கு ஒரு புதிய ஊசி பொருத்து. தண்டவாளத்திலும் சக்கரங்களிலும் நூல் துண்டு சேர விடாதே. சட்டம் சமமட்டத்தில் இருக்கிறதா எனப் பார். நம் கறுப்பு இயந்திரத்திற்குச் சொன்னவையே அன்றோ இவை! சில ஆயிரத்தில் வாங்கினாலும் பல இலட்சத்தில் வாங்கினாலும் தூரிகையும் எண்ணெயும் ஊசியும் ஒன்றே. விலை மிகுந்த பொருளைத்தான் பேண வேண்டும் என்பது தவறான எண்ணம். நம் வாழ்வு எதை நம்பியுள்ளதோ அதுவே நமக்கு விலை மிகுந்த பொருள்.

கணக்கும் கடமையும்

இயந்திரத்திற்கும் ஒரு பங்கு வையுங்கள். தைக்கும் ஒவ்வோர் உருப்படியின் கூலியிலிருந்தும் ஐந்தோ பத்தோ ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு வந்தால் ஊசி, எண்ணெய், பெல்ட், மெக்கானிக் கூலி அனைத்தும் அதிலிருந்தே கிடைக்கும். சிறு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். மீந்த துணியை உரியவரிடம் திருப்பித் தருவதும், சொன்ன நாளில் முடித்துத் தருவதும் தொழிலின் பரக்கத்திற்கு வழி.

தையல் இயந்திரத்திற்கு ஜகாத் உண்டா எனச் சிலர் வினவுகின்றனர். தொழிற்கருவிகளுக்கு ஜகாத் இல்லை என்பது மார்க்க அறிஞர்களின் கருத்து. விற்பனைக்கென வாங்கி வைத்துள்ள துணிக்கும், சேமித்த பணத்திற்கும், நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத் உண்டு.

ஜகாத் நிதியில் ஏழைப் பெண்களுக்கு இயந்திரம் வழங்கும் ஜமாஅத்துகளுக்கு ஒரு சொல். தொழில் தெரிந்த ஏழைக்கு, அவருடைய தொழிற்கருவியின் விலை குறைவாயினும் மிகுதியாயினும், அதை வாங்கப் போதுமான அளவு வழங்கலாம் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். மீண்டும் கையேந்தா நிலைக்கு ஒருவரை உயர்த்துவதே இதன் நோக்கம். ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருள் பெறுவோரின் முழு உடைமையாக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. "சங்கத்தின் இயந்திரம், நீ பயன்படுத்திக்கொள்" என்று ஜகாத் நிதியிலிருந்து தருவது இந்நிபந்தனைக்குப் பொருந்தாது. அவளுக்கே உடைமையாக்கிக் கொடுங்கள்.

அரசின் உதவியும் உண்டு. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சமூக நலத்துறை வழியாக அமைந்தது. சிறுபான்மையினர் நலத்துறையும் தையல் அறிந்தோருக்கு இயந்திரம் வழங்கி வந்துள்ளது. வயது, வருமானம், தையற் பயிற்சிச் சான்றிதழ் முதலிய நிபந்தனைகளை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்த பின் விண்ணப்பிக்க. 2019இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அரக்கோணம் மக்களுக்கு அவ்வலுவலகம் வேலூரில் அன்று, இராணிப்பேட்டையில் உள்ளது.

இயந்திரம் வழங்கும் மேடையில் பொன்னாடைகளும் புகைப்படங்களும் நிறைந்திருக்கும். அவற்றோடு ஒரு குப்பி எண்ணெய், ஒரு தூரிகை, பத்து ஊசிகள், ஒரு திருகுளி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, கூலி தந்து, அரை நாள் பயிற்சி அளிக்கச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து அவ்வீட்டுக்குச் சென்று, இயந்திரம் ஓடுகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். கொடுத்த எண்ணிக்கையைவிட ஓடும் எண்ணிக்கையே அல்லாஹ்வின் முன்னிலையில் நம் செயலுக்குச் சான்று கூறும்.

சகோதரிகளே! உங்கள் பெண்மக்களுக்குத் தைக்கக் கற்பிக்கும் நாளிலேயே ஷட்டிலைக் கழற்றித் துடைக்கவும் கற்பியுங்கள். ஆண்மக்களுக்கும் கற்பியுங்கள்; நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை அவர்களுக்கும் உரியதே. இன்று அஸர் தொழுகைக்குப் பின் உங்கள் இயந்திரத்தின் உறையை நீக்கி, ஊசித் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சேர்ந்திருக்கும் பஞ்சைத் துடைத்து எடுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். இன்ஷா அல்லாஹ், அது ஓடும்.